விமானத்தின் எடையும் ஓடுபாதையின் தாங்குதிறனும்: பொருத்திப் பார்ப்பது எப்படி?

போயிங் 757-200 முழுச் சுமையுடன் ஏறத்தாழ 115 டன் இருக்கும். போயிங் 737-800 ஏறத்தாழ 79 டன். இரண்டில் எது ஓடுபாதையை அதிகம் வருத்தும் என்று இந்தத் துறைக்குப் புதிதாக வந்தவர்களிடம் கேட்டால், யோசிக்காமல் 757 என்பார்கள். அடிமண் கெட்டியாக உள்ள இடங்களில் விடை நேர்மாறு. 757க்கு முதன்மைச் சக்கரங்கள் எட்டு, 737க்கு நான்குதான். விமானத்தின் எடையில் ஏறத்தாழ 95 சதவீதம் முதன்மைச் சக்கரங்களின் மேல்தான் விழுகிறது, மூக்குச் சக்கரம் சுமப்பது சொற்பம். வகுத்துப் பாருங்கள்: 757இன் ஒரு சக்கரம் 14 டன்னுக்குள் சுமக்கிறது, 737இன் ஒரு சக்கரம் கிட்டத்தட்ட 19 டன் சுமக்கிறது.

அதனால்தான் "இந்த ஓடுபாதை எத்தனை டன் தாங்கும்?" என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது. எத்தனை சக்கரம், எவ்வளவு நெருக்கமாக, என்ன டயர் அழுத்தத்தில், எந்த மாதிரித் தளத்தின் மேல், அதற்குக் கீழே எப்படிப்பட்ட மண் என்று எல்லாம் சேர்ந்துதான் பதில். ஒவ்வொரு முறையும் இதையெல்லாம் பொறியாளரைக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொல்ல முடியாது. ஆகவே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான இக்காவோ ஒரு சுருக்கு வழி வைத்திருக்கிறது. விமானத்துக்கு ஓர் எண், தளத்துக்கு ஓர் எண். விமானத்தின் எண் தளத்தின் எண்ணைத் தாண்டாவிட்டால் சரி.

கேட்பதற்கு எளிது. தப்பு நடப்பது எந்த எண்ணை எந்த எண்ணோடு வைத்துப் பார்ப்பது என்பதில்தான். விமான நிலைய இயக்கப் பிரிவு, விமான நிறுவனத்தின் டிஸ்பாட்ச் (பயணத்தைத் திட்டமிட்டு அனுப்பும் பிரிவு), சார்ட்டர் விமானத் திட்டமிடல் என்று எங்கே புதிதாகச் சேர்ந்திருந்தாலும் சரி, கீழே உள்ள வரிசையில் போனால் பெரும்பாலான தப்புகளைத் தவிர்த்துவிடலாம்.

முதலில்: எந்த முறை என்று பாருங்கள்

இரண்டு முறைகள் உண்டு. 1980களின் தொடக்கத்திலிருந்து இருந்து வந்தது ஏசிஎன்-பிசிஎன். ஏசிஎன் விமானத்தின் எண், பிசிஎன் தளத்தின் எண். அதன் இடத்துக்கு வந்தது ஏசிஆர்-பிசிஆர்: ஏசிஆர் விமானத்துக்கு, பிசிஆர் தளத்துக்கு. 2020இல் இக்காவோ விதிகளில் சேர்ந்து, 2024 நவம்பர் 28 முதல் நடைமுறைக்குரியதாக ஆனது. ஒரு தேதியில் எல்லா ஓடுபாதையும் மாறிவிடாது. நீங்கள் எடுக்கும் ஆவணத்தில் பழைய எண்ணும் இருக்கலாம், புதிய எண்ணும் இருக்கலாம். ஒரே நிலையத்தில் ஓடுபாதைக்குப் பிசிஆர், பழைய டாக்ஸிவே (விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்துபோகும் இணைப்புப் பாதை) ஒன்றுக்கு இன்னும் பிசிஎன் என்றும் பார்க்க நேரிடலாம்.

இந்தப் படியை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. புதிய எண்கள் பழைய எண்களைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. பழைய முறையில் 45 என்று இருந்த விமானம் புதிய முறையில் 400, 450 என்று வரும். இப்போது அவசரத்தில் ஒருவர் விமானத்தின் பழைய ஏசிஎன் 45ஐ எடுத்து, தளத்தின் புதிய பிசிஆர் 380க்குப் பக்கத்தில் வைக்கிறார் என்று வையுங்கள். 45 சின்னது, 380 பெரியது, ஆகவே பிரச்சினை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். உண்மையில் அந்த விமானம் அந்தத் தளத்துக்கு அதிகம். இந்தக் கலப்புத் தப்பு எப்போதும் "சரி" என்ற பக்கமே விழும் என்பதால் யாருக்கும் உறைக்காது.

பழையதைப் பத்தால் பெருக்கிப் புதியதாக்கிக்கொள்ளலாமா? கூடாது. பழைய ஏசிஎன் 1.25 மெகாபாஸ்கல் அழுத்தமுள்ள ஒற்றைச் சக்கரத்தை அளவுகோலாக வைத்தது, புதியது 1.50 மெகாபாஸ்கல். அடிமண்ணைப் பிரிக்கும் முறையும் வேறு, உள்ளே ஓடும் கணக்கும் வேறு. பத்து மடங்கு என்பது "இது எந்த முறை எண்" என்று கண்டுபிடிக்க உதவும் அடையாளம், அவ்வளவே.

அடுத்து: தளத்தின் குறியீட்டை வாசியுங்கள்

ஒவ்வொரு நாடும் வெளியிடும் விமானத் தகவல் வெளியீட்டில், அதாவது ஏஐபியில், நிலையம் நிலையமாக விவரம் இருக்கும். ஓடுபாதையின் வலிமை ஏடி 2.12 என்ற பகுதியில் வரும். ஏப்ரன் (விமானங்களை நிறுத்தும் தளம்), டாக்ஸிவே ஆகியவற்றின் வலிமை ஏடி 2.8 பகுதியில். புதியவர்கள் 2.12ஐ மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். 2.8ஐயும் எடுத்து வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அங்கே இப்படி ஒரு வரி இருக்கும்: பிசிஎன் 42/எஃப்/பி/எக்ஸ்/டி. ஐந்து இடங்கள், ஐந்து செய்திகள். பிசிஆர் ஆனாலும் இதே ஐந்து இடங்கள்தான்.

முதல் இடம் எண். இரண்டாவது, தளத்தின் வகை: ஆர் என்றால் கான்கிரீட், எஃப் என்றால் ஆஸ்பால்ட். இந்த வேறுபாடு பெயரளவில் உள்ளதல்ல. கான்கிரீட் பலகை மெத்தையின் மேல் போட்ட மரப்பலகை மாதிரி, தானே வளைந்து சுமையை அகலமாகப் பரப்பிவிடும். அதிகச் சுமை வந்தால் பலகையின் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும், மூலை உடையும். ஆஸ்பால்ட் தளம் அடுக்கடுக்காகச் சுமையைக் கீழே இறக்கும். அதிகச் சுமை வந்தால் கீழே உள்ள மண் அமுங்கி, மேலே சக்கரத் தடம் பள்ளமாகத் தெரியும். ஒரே விமானத்துக்கு இரண்டு தளத்திலும் எண் வேறு வேறாக வருவது இதனால்தான். கான்கிரீட்டின் மேல் ஆஸ்பால்ட் போட்ட கலப்புத் தளங்களும் நிறைய உண்டு. அவை எப்படி நடந்துகொள்ளும் என்பதை வைத்து ஆர் அல்லது எஃப் என்று போட்டு, பக்கத்தில் குறிப்பு எழுதியிருப்பார்கள்.

மூன்றாவது இடம் அடிமண், அதாவது தளத்தின் எல்லா அடுக்குகளுக்கும் கீழே இருக்கும் இயற்கை மண். ஏ கெட்டியானது, பி நடுத்தரம், சி மென்மை, டி மிக மென்மை. பழைய முறையில் ஆஸ்பால்ட் தளத்துக்குச் சிபிஆர் என்ற சோதனை அளவை வைத்துப் பிரித்தார்கள்: 13க்கு மேல் ஏ, 8 முதல் 13 வரை பி, 4 முதல் 8 வரை சி, அதற்கும் கீழே டி. கான்கிரீட்டுக்கு வேறு அளவு. புதிய முறையில் இரண்டுக்கும் ஒரே அளவு, மண்ணின் மீள்தன்மைக் குணகம்: 150 மெகாபாஸ்கலும் அதற்கு மேலும் ஏ, 100 முதல் 150 வரை பி, 60 முதல் 100 வரை சி, 60க்குக் கீழே டி. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எழுத்து மட்டும் போதும், அதை விமானத்தின் அட்டவணையில் அதே எழுத்தோடு பொருத்த வேண்டும்.

நான்காவது, டயர் அழுத்த வரம்பு. டபிள்யூ என்றால் வரம்பில்லை. எக்ஸ் 1.75 மெகாபாஸ்கல் வரை, ஒய் 1.25 வரை, இசட் 0.50 வரை. பழைய பட்டியல்களில் எக்ஸ் 1.50 என்றும் ஒய் 1.00 என்றும் அச்சாகியிருக்கும், திருத்தப்பட்டுவிட்டன. பிஎஸ்ஐயில் டயர் அழுத்தம் கொடுத்தால் 145ஆல் வகுத்தால் மெகாபாஸ்கல் வந்துவிடும்.

ஐந்தாவது, இந்த எண் எப்படி வந்தது என்பது. டி என்றால் பொறியியல் ஆய்வு செய்து கணக்கிட்டது. யூ என்றால் அனுபவத்தை வைத்துச் சொன்னது: இந்தத் தளத்தில் இன்ன விமானம் வழக்கமாக வந்து போகிறது, சேதமில்லை, ஆகவே அதன் எண்ணே தளத்தின் எண். தமிழில் எழுதும்போது மூன்றாம் இடத்து டியும் ஐந்தாம் இடத்து டியும் ஒரே மாதிரி தெரியும், இடத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஐந்தாம் எழுத்தைப் பலரும் கண்டுகொள்வதே இல்லை. என்னைக் கேட்டால் பேச்சுவார்த்தையில் மிகவும் உதவுவது இதுதான். யூ போட்ட ஓடுபாதையில் சிறிய விமானங்களே வந்துபோயிருந்தால் எண் குறைவாக இருக்கும், தளம் உண்மையில் அதைவிட வலுவாக இருக்கலாம். அப்போது நிலையத்தைக் கேட்டால் பயன் உண்டு. டி போட்டிருந்தால் ஆய்வு எப்போது நடந்தது, அதற்குப் பிறகு மேலடுக்கு போட்டார்களா என்று கேளுங்கள். நல்ல எண்ணும் பழையதானால் நம்பிக்கை குறைய வேண்டும்.

விமானத்தின் எண்ணை எங்கே எடுப்பது

விமானத் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு ரகத்துக்கும் விமான நிலையத் திட்டமிடலுக்கான ஆவணம் ஒன்றை இலவசமாக வெளியிடுகிறார்கள். போயிங்கானாலும் ஏர்பஸ்ஸானாலும் ஏழாம் அத்தியாயம் தளத்தைப் பற்றியது. அங்கே சக்கரங்களின் இடைவெளி, டயர் அழுத்தம், ஒவ்வொரு அடிமண் வகைக்கும் கோடு போட்ட வரைபடம் எல்லாம் இருக்கும். பல நிலையங்கள் இதைச் சுருக்கி அட்டவணையாக வைத்திருக்கும். புதிய முறைக்கு ஏசிஆர் கணக்கிட இக்காவோ அங்கீகரித்த கணினி நிரலே இருக்கிறது.

அட்டவணையில் ஒரு விமானத்துக்கு இரண்டு வரிசைகள் பார்ப்பீர்கள். ஒன்று அதிகபட்ச எடைக்கு, இன்னொன்று பயணிகளும் எரிபொருளும் இல்லாத வெற்று இயக்க எடைக்கு. ஒவ்வொரு வரிசையிலும் எட்டு எண்கள்: கான்கிரீட்டில் ஏ, பி, சி, டி, ஆஸ்பால்ட்டில் ஏ, பி, சி, டி. உங்கள் தளம் எஃப்/பி என்றால் ஆஸ்பால்ட், பி என்ற ஒரே கட்டத்தை மட்டும் பாருங்கள். மற்ற ஏழும் உங்களுக்கு வேண்டாம். பக்கத்துக் கட்டத்தில் கண் தாவிவிடாமல் இருக்க, அட்டவணையை அச்செடுத்து அந்தக் கட்டத்தைப் பேனாவால் வட்டமிடுவது சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றலாம், ஆனால் வேலை செய்கிறது.

ஒரே பெயரில் பல எடை வகைகள் விற்பனையாகின்றன என்பதையும் கவனியுங்கள். ஒரே ரக விமானத்தை ஒரு நிறுவனம் குறைந்த அதிகபட்ச எடையில் பதிவு செய்திருக்கும், இன்னொன்று கூடுதல் எடையில். டயர் அழுத்தமும் மாறும். ரகத்தின் பெயரை வைத்து எண்ணை எடுக்காதீர்கள், அந்த விமானத்தின் ஆவணத்தில் உள்ள எடையைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த எடையை எடுப்பது

எடைகளுக்கு நிறையப் பெயர்கள் உண்டு. புறப்படும் அதிகபட்ச எடை, இறங்கும் அதிகபட்ச எடை, எரிபொருள் இல்லாத அதிகபட்ச எடை என்று போகும். தளத்துக்கு முக்கியமானது ஏப்ரனிலிருந்து நகரத் தொடங்கும்போது உள்ள எடை, அதாவது ராம்ப் எடை. டாக்ஸியில் எரியப்போகும் எரிபொருளும் சேர்ந்திருப்பதால் அது புறப்படும் எடையைவிடச் சற்றே கூடுதல்.

இறங்கும்போது "தொப்"பென்று விழுகிறதே, அதுதானே தளத்தை அதிகம் அடிக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் இறங்கும்போது எரிபொருள் பெரும்பகுதி எரிந்துபோய் விமானம் இலேசாகியிருக்கும். தரையைத் தொடும் கணத்தில் சிறகுகள் இன்னும் எடையின் ஒரு பகுதியைத் தூக்கிக்கொண்டிருக்கும், தொடுகை கண நேரத்தில் முடிந்துவிடும். தளத்தை உண்மையில் தேய்ப்பது முழு எரிபொருளுடன் மெதுவாக ஊர்ந்துபோய், ஓடுபாதை முனையில் அனுமதிக்குக் காத்துநிற்கும் விமானம். ஆஸ்பால்ட் தளத்தில் ஒரே இடத்தில் நிற்கும் சக்கரம் ஓடும் சக்கரத்தைவிட அதிகம் அழுத்தும், வெயில் நேரத்தில் இன்னும் மோசம். டாக்ஸிவேயும் ஓடுபாதை முனைகளும் நடுப்பகுதியைவிடத் தடிமனாகக் கட்டப்படுவது இதனால். நிறுத்துமிடங்கள் பலவும் கான்கிரீட்டாக இருப்பதற்கு இதோடு இன்னொரு காரணமும் சேரும்: சிந்தும் ஜெட் எரிபொருள் ஆஸ்பால்ட்டைக் கரைத்துவிடும்.

ஓடுபாதைக்கு இணையாக டாக்ஸிவே இல்லாத நிலையங்களில் இன்னும் ஒரு சங்கதி. விமானம் ஓடுபாதையின் மேலேயே திரும்பி நடந்துவந்து முனைக்குப் போக வேண்டும். ஒரு புறப்பாட்டுக்கு ஓடுபாதை இரண்டு தடவை முழுச் சுமையைச் சுமக்கிறது. முனையில் இறுக்கமாக 180 பாகை திரும்பும்போது போகியின் (ஒரே காலில் முன்னும் பின்னுமாக அமைந்த சக்கரத் தொகுதியின்) சக்கரங்கள் உருளாமல் பக்கவாட்டில் தேய்க்கும், மேற்பரப்புக் கற்கள் பிடுங்கிக்கொண்டு வரும். இது எந்த எண்ணிலும் தெரியாது, நிலையத்தாரிடம்தான் கேட்க வேண்டும்.

இனிக் கணக்கு

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனை விமானத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் வைத்தவை, எந்த ரகத்துக்கும் உரியவை அல்ல. அதிகபட்ச ராம்ப் எடை 80,000 கிலோ, அந்த எடையில் ஆஸ்பால்ட்-பி கட்டத்தில் ஏசிஎன் 50. வெற்று எடை 42,000 கிலோ, அதில் ஏசிஎன் 24. டயர் அழுத்தம் 1.40 மெகாபாஸ்கல். ஓடுபாதை நாம் மேலே பார்த்த 42/எஃப்/பி/எக்ஸ்/டி.

அதிகபட்ச எடையில் 50, தளம் 42. தாண்டுகிறது. ஆனால் இன்று விமானம் அதிகபட்ச எடையில் போகவில்லை, ராம்ப் எடை 72,000 கிலோதான். இரண்டு எடைகளுக்கும் இடையில் எண் ஏறத்தாழ நேர்கோட்டில் ஏறும் என்று எடுத்துக்கொண்டு இடைப்பட்ட மதிப்பைக் கணக்கிடுவதுதான் வழக்கம். 42,000இலிருந்து 72,000க்கு 30,000 கிலோ. மொத்த இடைவெளி 38,000. ஏசிஎன் இடைவெளி 26. ஆகவே 26ஐ 30ஆல் பெருக்கி 38ஆல் வகுத்தால் 20.5. அதோடு 24ஐக் கூட்டினால் 44.5. இன்னும் 42ஐத் தாண்டுகிறது, ஆனால் கொஞ்சமாக.

இதைத் தலைகீழாகவும் போடலாம், திட்டமிடுகிறவருக்கு அதுதான் அதிகம் பயன்படும். ஏசிஎன் 42க்கு மேல் போகாமலிருக்க எடை எவ்வளவு இருக்கலாம்? 42இலிருந்து 24ஐக் கழித்தால் 18. 18ஐ 38,000ஆல் பெருக்கி 26ஆல் வகுத்தால் 26,300 சொச்சம். 42,000உடன் கூட்டினால் 68,300 கிலோ. ஆக, 3,700 கிலோவைக் குறைத்தால் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. வழியில் ஓரிடத்தில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள முடியும் என்றால் இது ஒன்றும் பெரிய குறைப்பு இல்லை.

டயர் அழுத்தத்தைத் தனியாகப் பாருங்கள். 1.40, எக்ஸின் வரம்பு 1.75. சரி. இதே ஓடுபாதை ஒய் என்று இருந்திருந்தால் 1.25ஐத் தாண்டிவிடும், எடையை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் கட்டம் தானாகப் பச்சையாகாது. டயர் அழுத்தம் மேற்பரப்பு அடுக்கைப் பாதிக்கும் விஷயம், எடை கீழே உள்ள மண்ணைப் பாதிக்கும் விஷயம். ஒன்றில் கிடைத்த சலுகையை வைத்து இன்னொன்றை ஈடுகட்ட முடியாது. கான்கிரீட் தளத்துக்கு இது பெரும்பாலும் தலைவலியே இல்லை, மெல்லிய ஆஸ்பால்ட் மேற்பரப்புக்குத்தான்.

வழி முழுவதையும் நடந்து பாருங்கள்

இப்போது ஏடி 2.8க்கு வருவோம். ஓடுபாதையில் இறங்கிய விமானம் அங்கேயே இருக்கப்போவதில்லை. டாக்ஸிவே வழியாக ஏப்ரனுக்குப் போய், நிறுத்துமிடத்தில் நின்று, எரிபொருள் நிரப்பி, இன்னொரு டாக்ஸிவே வழியாக வெளியே வரும். நிலையத்தின் வரைபடத்தில் அந்த வழியைப் பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் அதன் குறியீட்டை எழுதுங்கள். மிகவும் பலவீனமான துண்டுதான் தீர்ப்பு சொல்லும்.

நம் கற்பனை விமானத்தின் வழியில் ஒரு டாக்ஸிவே 40/எஃப்/சி/எக்ஸ்/யூ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 42க்கும் 40க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். எண்ணைப் பார்த்தீர்கள், எழுத்தைப் பார்க்கவில்லை. மண் சி ஆகிவிட்டது, ஆகவே விமானத்தின் எண்ணையும் சி கட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். அங்கே அதிகபட்ச எடைக்கு 56, வெற்று எடைக்கு 26 என்று வையுங்கள். எடையைக் குறைத்துக் கொண்டுவந்த 68,300 கிலோவில்கூட எண் 47க்குப் பக்கத்தில் வருகிறது. 40ஐ 17 சதவீதம் தாண்டுகிறது. 40க்குள் அடங்க வேண்டுமானால் விமானம் 59,700 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. ஓடுபாதைக்குப் பொருந்திய விமானம் டாக்ஸிவேயில் மாட்டிக்கொண்டது.

இங்கே எடையோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால் வேறு டாக்ஸிவே இருக்கிறதா, வேறு நிறுத்துமிடம் தருவார்களா என்று கேளுங்கள். பல நேரம் தீர்வு அங்கேயே இருக்கும். வரைபடத்தில் ஓடுபாதைக்கு வெளியே மஞ்சள் அம்புப்பட்டை போட்டிருக்கும் பகுதிகளையும், ஓரத் தோள்பட்டைகளையும் வழியாக நினைக்காதீர்கள். அவை விமானத்தின் முழு எடையைத் தாங்கக் கட்டப்பட்டவை அல்ல.

ஆரம்பத்தில் 757 பற்றிச் சொன்னதில் "கெட்டியான அடிமண்" என்ற நிபந்தனை இருந்ததே, அதன் பொருளும் இங்கேதான் வருகிறது. மண் மென்மையாக ஆக ஆக, தளம் தடிமனாக வேண்டும். தடிமன் கூடக் கூட, பக்கத்துப் பக்கத்துச் சக்கரங்களின் அழுத்தம் கீழே போய் ஒன்றோடொன்று கலந்துவிடும். மண்ணைப் பொறுத்தவரை அங்கே நான்கு சக்கரம் இல்லை, ஒரு பெரிய சுமை. ஆகவே நிறையச் சக்கரம் உள்ள விமானத்தின் எண் ஏயிலிருந்து டிக்குப் போகும்போது வேகமாக ஏறும். 1995இல் ஆறு சக்கரப் போகியோடு போயிங் 777 சேவைக்கு வந்தபோது, பழைய கணக்கு முறை அதன் பாதிப்பைக் கூட்டிக் காட்டுகிறதா என்ற விவாதமே எழுந்தது. பெரிய சோதனைத் தளங்கள் அமைத்து அளந்து பார்த்தார்கள், இடையில் கணக்கின் குணகங்களைத் திருத்தினார்கள். கடைசியில் முறையையே மாற்றி ஏசிஆர்-பிசிஆர் வந்ததற்கு இந்தப் பல சக்கரச் சிக்கலும் ஒரு காரணம்.

எண் தாண்டினால்?

பிசிஎன் என்பது தாண்டினால் தளம் உடைந்து விழும் கோடு அல்ல. தளத்தின் ஆயுள் முழுவதும் எதிர்பார்த்த போக்குவரத்தைச் சேதமின்றித் தாங்கும் அளவு. 2013 நவம்பரில் அமெரிக்காவின் விச்சிட்டா நகரத்தில் போயிங் 747ஐ மாற்றியமைத்த டிரீம்லிஃப்டர் சரக்கு விமானம் ஒன்று, மெக்கானல் விமானப்படைத் தளத்துக்குப் போக வேண்டியது, அருகிலிருந்த ஜபாரா என்ற சிறிய நிலையத்தில் இறங்கிவிட்டது. 1,860 மீட்டர் சொச்சம் நீளமுள்ள ஓடுபாதை. மறுநாள் அதிலிருந்தே கிளம்பிப் போனது. ஒரு தடவை நடந்ததைப் பார்த்து "பார், தாங்குகிறதே" என்று தினசரி அட்டவணை போட்டால்தான் வினை. சேதம் ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், கண்ணுக்குத் தெரியும்போது செலவு பெரிதாகியிருக்கும்.

எப்போதாவது தாண்டுவதற்கு இக்காவோ ஓர் அளவு சொல்கிறது. பழைய முறையில் ஆஸ்பால்ட் தளத்துக்குப் பிசிஎன்னைவிட 10 சதவீதம் வரை, கான்கிரீட்டுக்கும் கலப்புத் தளத்துக்கும் 5 சதவீதம் வரை. தளத்தின் கட்டமைப்பு தெரியாவிட்டால் 5 சதவீதம். புதிய முறையில் இரண்டு வகைக்கும் 10 சதவீதம். அப்படித் தாண்டும் ஓட்டங்கள் ஆண்டு மொத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நம் விமானம் 72,000 கிலோவில் ஓடுபாதையை 6 சதவீதம்தான் தாண்டுகிறது, ஆஸ்பால்ட், ஆகவே கேட்டுப் பார்க்கலாம். டாக்ஸிவேயில் எடையைக் குறைத்த பிறகும் 17 சதவீதம் தாண்டுகிறது, அதை இந்த வழியில் கேட்க முடியாது. அதற்குமேல் வேண்டுமானால் பொறியாளர் தனியாக ஆராய்ந்து சொல்ல வேண்டும்.

இந்தச் சலுகை எல்லாக் காலத்திலும் கிடையாது. தளத்தில் ஏற்கெனவே விரிசலோ பள்ளமோ தெரிந்தால் இல்லை. உறைந்த நிலம் உருகும் பருவத்திலும், தொடர்மழையில் அடிமண் ஊறிப்போயிருக்கும்போதும் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

அனுமதி தருவது நிலையத்தை நடத்துபவர். விமானியோ டிஸ்பாட்ச்சரோ தானாக முடிவு செய்யும் விஷயம் இல்லை. கேட்கும்போது மொட்டையாக "ஓவர்லோடு அனுமதி வேண்டும்" என்று எழுதினால் பதிலாகக் கேள்விதான் வரும். விமானத்தின் சரியான ரகமும் பதிவு எண்ணும், வரும்போதும் போகும்போதும் உள்ள ராம்ப் எடை, அந்த எடையில் ஒவ்வொரு துண்டுக்கும் உள்ள ஏசிஎன் அல்லது ஏசிஆர், டயர் அழுத்தம், எத்தனை தடவை வரும், எந்த வழியில் போக விரும்புகிறீர்கள் என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் வைத்துவிடுங்கள். நிலையப் பொறியாளருக்கு வேலை மிச்சம், உங்களுக்குப் பதில் சீக்கிரம். அனுமதி எழுத்தில் வாங்குங்கள், தொலைபேசியில் சொன்ன "பரவாயில்லை" பின்னால் எங்கும் நிற்காது.

வேறு மாதிரிப் பட்டியல்கள்

5,700 கிலோவுக்கு மேற்படாத சிறு விமானங்களுக்கான தளத்துக்கு இந்தக் குறியீடே தேவையில்லை. அதிகபட்ச எடையும் டயர் அழுத்தமும் நேராகப் போட்டிருப்பார்கள், 4,000 கிலோ/0.50 மெகாபாஸ்கல் என்பது மாதிரி. நேரடியாகப் பொருத்திக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் நிலையப் பட்டியல்களில் சக்கர அமைப்பை வைத்தும் எடை கொடுப்பது வழக்கம். எஸ் என்றால் காலுக்கு ஒற்றைச் சக்கரம், டி என்றால் இரட்டை, 2டி என்றால் நான்கு சக்கரப் போகி. பக்கத்தில் உள்ள எண் ஆயிரம் பவுண்டில். டி 110 என்றால் இரட்டைச் சக்கரம் உள்ள விமானம் 1,10,000 பவுண்டு, அதாவது சுமார் 49,900 கிலோ வரை. ஒரே ஓடுபாதைக்கு எஸ்ஸைவிட டியும், டியைவிட 2டியும் பெரிதாக இருப்பதைப் பார்க்கலாம். பவுண்டைக் கிலோ என்று வாசித்துவிட்டால் இரண்டு மடங்குக்கு மேல் தப்பாகிவிடும், அலகை எப்போதும் எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்.

கடைசியாக, விமானம் கிளம்பும் நாளன்று நோட்டாமை, அதாவது விமானிகளுக்கு அவ்வப்போது வரும் அறிவிப்பை, திறந்து பாருங்கள். மேலடுக்குப் பணி, மூடிய டாக்ஸிவே, தற்காலிகமாகக் குறைத்த பிசிஆர் எல்லாம் அங்கேதான் வரும். நீங்கள் போன வாரம் பென்சிலால் கோடு போட்ட வழியில் ஒரு துண்டு மூடியிருந்தால், மாற்று வழியின் குறியீட்டை எடுத்து, அந்தத் துண்டுக்கு மட்டும் கணக்கை மறுபடி போட வேண்டும்.